இரண்டடித் தூரம்

கோல்ஃப் மைதானத்தில் குழி ஒரே இடத்தில் இருக்காது. தினமும் விடிந்ததும் அதை மூடிவிட்டு வேறோர் இடத்தில் புதிதாக வெட்டுவார்கள். ஒரே இடத்தில் விட்டுவைத்தால், ஆட வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி மிதித்து அந்த இடத்துப் புல் செத்துப்போகும். இந்தச் சங்கதி ஆடுகிறவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. பந்து உள்ளே போகாவிட்டால் மட்டும், எவன் இங்கே கொண்டுவந்து குழியை வைத்தான் என்று கேட்பார்கள்.

வைத்தவர் நம்மாள்தான். ஒன்பது குழி மைதானம் அது. பதினேழு வருஷம் அந்த ஒன்பதையும் அவர்தான் வெட்டினார். குழாய்போன்ற இரும்பு உருளையைச் செங்குத்தாக ஊன்றி, இரண்டு கையாலும் திருகி இறக்கி, நேரே மேலே தூக்கினால் ஒரு சாண் நீளத்துக்குப் புல்லும் மண்ணுமாக ஒரு கட்டி வரும். அதை நேற்றைய குழியில் செருகி, தட்டிச் சமப்படுத்தி, தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்ததற்கு நகர வேண்டும். கேட்பதற்கு இவ்வளவுதான். விளிம்பு நூலளவு பிசகினாலும் பந்து கோணிக்கொண்டு போகும். அவர் வெட்டிய விளிம்பு பிளேடால் கீறினாற்போல் இருக்கும். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் குழிக்காரர். கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்ட மாமியாரிடம் யாரோ ‘குழி வெட்டுகிறார்’ என்று சொல்லித் தொலைக்க, அந்த அம்மாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “செத்தவங்களுக்கு இல்லம்மா, பந்துக்கு” என்று மகள்தான் விளக்கிச் சொல்லிச் சிரிக்கவைத்தாள்.

அந்த மகள்தான் இந்தக் கதையில் கட்டிலில் உட்கார்ந்திருப்பவள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வேலைக்காரர்களும் ஆடலாம் என்று மைதானத்தில் ஒரு சலுகை உண்டு. குழிக்காரர் ஒன்றும் பிரமாதமாகத் தூக்கி அடிக்கிறவர் இல்லை. அவரைவிடத் தூரமாக அடிக்கிறவர்கள் சமையல்கட்டிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஆனால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கிறதே, கிரீன் என்பார்கள், அதற்குள் பந்து வந்துவிட்டால் அவரை அசைக்க ஆள் கிடையாது. எந்த இடத்தில் தரை மூச்சுப் பிடித்திருக்கிறது, எந்த இடத்தில் தளர்ந்திருக்கிறது என்று உள்ளங்கால் சொல்லும். குட்டை மட்டையால் மெதுவாகத் தட்டுவார். பந்து நூல் பிடித்தாற்போல் போய்க் குழிக்குள் விழுந்து ‘கடக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தின் மேல் அவருக்கு ஒரு பைத்தியம். தான் வெட்டிய குழி தனக்குப் பதில் சொல்வதாக நினைப்பு.

வருஷத்துக்கு ஒரு தடவை வேலைக்காரர்களுக்குள் கோப்பைக்கான ஆட்டம் நடக்கும். ஒருவருக்கு எதிராக ஒருவர். குறைந்த அடிகளில் பந்தை உள்ளே போடுகிறவருக்கு அந்தக் குழி. யார் அதிகக் குழிகளை ஜெயிக்கிறாரோ அவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஆறு வருஷம் தொடர்ந்து கோப்பை குழிக்காரர் வீட்டில்தான் இருந்தது.

போன வருஷம் கடைசி ஆட்டத்தன்று காலையில் அவர் செருப்பை மாட்டும்போது மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “தல ஒரு மாதிரியா இருக்குங்க” என்றாள். உடனே, “ஒண்ணுமில்ல, நீங்க போய்ட்டு வாங்க” என்றும் சொன்னாள்.

“ஏதாவதுன்னா உடனே போன் பண்ணு” என்றார் அவர்.

ஆட்டம் தொடங்கும் முன் போன்களை ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்பது மைதானத்தின் சட்டம். பதினேழு வருஷத்தில் ஒரு சட்டத்தையும் மீறாத மனுஷர் அன்றைக்கு மட்டும் போனைச் சத்தம் வராதபடி வைத்து, பைக்குள் துண்டுக்கு அடியில் செருகிக்கொண்டார். அவளுக்காகத்தான் எடுத்துப்போனார். அவர் பக்கம் சொல்வதற்கு இந்த ஒன்றுதான் உண்டு.

கடைசிக் குழியில் பந்து இரண்டடித் தூரத்தில் கிடந்தது. மட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றபோது, கிரீன் ஓரத்தில் வைத்திருந்த பைக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு நடுக்கம். அவருக்குக் கேட்டது. பந்தைத் தட்டினார். ‘கடக்’ என்றது. கைதட்டினார்கள், கோப்பையைக் கொடுத்தார்கள், நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். எல்லாம் முடிந்து போனை எடுத்தபோது நாலு அழைப்பு வந்து போயிருந்தது. அவற்றில் எத்தனை தனக்குக் கேட்டன என்பதை அவர் தனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்திருக்கிறாள். திறந்த குழாயை அவளால் மூட முடியாமல் போக, தண்ணீர் கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டில் வழிந்ததைப் பார்த்து, மாடி வீட்டுத் தையல்காரம்மா ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். விரல் கடைசியாகப் பேசிய எண்ணை மட்டும்தான் அழுத்தும் நிலையில் இருந்திருக்கிறது. கடைசியாகப் பேசிய எண் புருஷனுடையது.

“ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா கையைக் காப்பாத்தியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

மைதானத்து ஆட்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சூழ்ந்துகொண்டு ஆறுதல் சொன்னார்கள். போன் ஆபீஸ் அலமாரியில் இருந்திருக்கும், பாவம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார்கள். பேச்சு திரும்பிய பிறகு அவளும் அதையேதான் குழறிக் குழறிச் சொன்னாள். அந்தப் பொய்யை அவர் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

அவள் அச்சகத்தில் புத்தகம் தைக்கும் வேலை பார்த்தவள். இரண்டு கையும் வேண்டிய வேலை. இடது கை தோளிலிருந்து தொங்கிவிட்டது. கிள்ளினாலும் சுட்டாலும் தெரியாது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும். தினமும் சாயங்காலம் அந்தக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை மட்டும் அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

மற்றதையெல்லாம் விட்டுவிட்டார். குழி வெட்டுகிற வேலையை அவளுடைய தம்பியிடம், அதாவது தன் மச்சினனிடம் கொடுத்துவிட்டு, புல் வெட்டும் வண்டியில் ஏறிக்கொண்டார். மட்டைகளைத் துணி சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் செருகினார். கோப்பையைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தார். வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவளையே சுற்றிவந்தார். அவள் தண்ணீர் என்று நினைக்கும்முன் டம்ளர் வாயருகே வந்துவிடும். புருஷன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“நீங்க... வீட்ல இருந்தா... எனக்கு மூச்சு முட்டுது” என்றாள் ஒரு நாள். “போயி... ஆடுங்க.”

பத்து மாதம் கழித்து மட்டையைத் தொட்டார். தூரத்து அடிகள் பழையபடியே வந்தன. முப்பதடியிலிருந்து தட்டினால்கூடப் பந்து குழியின் வாசலில் போய் நிற்கும். வாசலில் நிற்கும் பந்தை உள்ளே தள்ளத்தான் முடியவில்லை. இரண்டடி என்றதும் வலது மணிக்கட்டு தன்னிஷ்டத்துக்கு ஒரு வெட்டு வெட்டும். பந்து வலப்பக்கமாக ஓடும். பிறகு அங்கிருந்து ஒரு இரண்டடி. அதற்கும் ஒரு வெட்டு. சின்னப் பிள்ளைகூடக் காலால் தள்ளிவிடுகிற தூரம் அது. குனிந்து நின்றாலே பைக்குள் அந்த வண்டு சத்தம் கேட்டது, பைக்குள் ஒன்றுமே இல்லாத நாளிலும்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கையை மாற்றிப் பிடிக்கச் சொன்னார் ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கச் சொன்னார் இன்னொருவர். மைதானத்துக்குத் தண்ணீர் விடும் பம்ப்காரர், போன வருஷம் கடைசி ஆட்டத்தில் இவரிடம் தோற்றவர், பந்தைப் பார்க்காமல் குழியை மட்டும் பார்க்கச் சொன்னார். எல்லாவற்றையும் செய்தார். தலைகீழாக நிற்க மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. வியாதி இன்னதென்று அவருக்குத் தெரியும், அதை வெளியே சொல்ல முடியாது, அப்புறம் மருந்து எங்கிருந்து வரும்?

கோப்பைக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு நாள் பந்து உள்ளே போனது. வெட்டிய கை வெட்டியதுதான். ஆனாலும் பந்து விளிம்புவரை போய், ஒரு கணம் யோசித்து, திரும்பி உள்ளே விழுந்தது. மறுநாள் மூன்று தடவை. அந்த வாரம் முழுக்க இப்படியே. உள்ளே விழ விழ மணிக்கட்டின் வெட்டும் குறைந்தது. சாயங்காலம் அவளுடைய விரல்களை மடக்கிக்கொண்டே, “இன்னிக்கு ஒண்ணுகூடத் தப்பல” என்பார். பாதி முகத்தால் அவள் சிரிப்பாள். சாப்பாடு இறங்கியது. கோப்பையின் முதல் இரண்டு சுற்றையும் ஜெயித்தார். ஒரு நாள் புல் வண்டியில் உட்கார்ந்து தன்னையறியாமல் சீட்டியடித்தார். அடித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திருடன்போலத் திரும்பிப் பார்த்தார்.

அந்த ஆறு வாரமும் மைதானத்துக்கு வந்த எல்லோருமே நன்றாக ஆடினார்கள் என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தடவிக்கொண்டிருந்த வக்கீல் ஒருவர், தனக்குக் கடைசியில் வித்தை பிடிபட்டுவிட்டதாகச் சொல்லி எல்லோருக்கும் காப்பி வாங்கிக்கொடுத்தார். வீட்டில் பெரிய பானையின் மூடியைக் காணவில்லை. நாலு நாள் தேடிவிட்டுத் தட்டைப் போட்டு மூடிக்கொண்டார் குழிக்காரர். நல்ல காலம் வந்துவிட்டது என்று நினைக்கிறவனுக்கு எதுதான் கண்ணில் படும்?

கடைசி ஆட்டத்தன்று காலையில் சீக்கிரமே மைதானத்துக்குப் போய்விட்டார். ஒன்பதாவது கிரீனைத் தாண்டும்போது மச்சினன் முட்டிபோட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அப்போதுதான் வெட்டிய குழியின் மேல் பானை மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதன் பிடி குழிக்குள் இறங்கும்படி வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் உடம்பின் பாரத்தைப் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தான். மூடியை எடுத்தான். குழியைச் சுற்றித் தரை கிண்ணம்போலச் சரிந்திருந்தது. பக்கத்தில் போகிற எந்தப் பந்தும் சறுக்கி உள்ளேதான் விழும். குழிக்காரர் தரையைச் சுற்றிப் பார்த்தார். சாய்ந்து விழுந்த வெயிலில், ஆறு வாரமாக வெட்டி மூடிய குழிகளெல்லாம் அம்மைத் தழும்புபோலப் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தன. தினமும் அதன் மேல்தான் வண்டி ஓட்டியிருக்கிறார்.

“டேய், அது எங்க வீட்டு மூடிதானே?”

மச்சினன் துள்ளி எழுந்தான். மூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைத்து என்ன பயன் என்று தெரிந்ததும் முன்னால் கொண்டுவந்தான்.

“அக்காதான் மாமா குடுத்துச்சு.”

“என்ன சொல்லிக் குடுத்தா?”

“நாலு தடவ பந்து உள்ள போனா அவருக்குத் தைரியம் வந்துரும், அப்புறம் கை தானா சரியாயிரும்னு சொல்லுச்சு. நான் மொதல்ல கால்ல மிதிச்சுதான் பாத்தேன், ஒழுங்கா வரல. மூடியக் கவுத்து வெச்சு அமுக்குனு அக்காதான் யோசன சொல்லுச்சு. கட்டில்ல ஒக்காந்துகிட்டே, தலகாணி மேல வெச்சு, ஒத்தக் கையால அமுக்கிக் காட்டுச்சு மாமா.” அவன் மூடியில் ஒட்டிய மண்ணைத் துடைத்தான். “எல்லாரும் அதே குழியிலதான ஆடுறாங்க? இதுல யாருக்கு என்ன நஷ்டம்?”

கோபம் வரும் என்று குழிக்காரர் காத்திருந்தார். வரவில்லை. வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தன்னைத் தரையில் கிடக்க விட்டவனுடைய கை நடுங்குகிறதே என்று, ஒற்றைக் கையோடு ஒருத்தி தலையணையில் மூடியை அமுக்கிப் பழகியிருக்கிறாள்.  அந்த இடத்திலேயே ஒரு குழி வெட்டித் தன்னைப் போட்டு மூடிவிட்டால் தேவலை என்று வெட்கமாக இருந்தது அவருக்கு.

மற்ற எட்டுக் குழிகளும் வெட்டி அமுக்கி முடிந்திருந்தன. ஆட வருகிறவர்கள் வந்துவிடுவார்கள், இனி மாற்ற நேரமில்லை. உருளையை வாங்கி, ஒன்பதாவதை மட்டும் வேறு இடத்தில் அவரே வெட்டினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு வெட்டிய குழி. விளிம்பு பழையபடி கீறினாற்போல் வந்தது. மூடியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எதிராளி இந்த வருஷமும் பம்ப்காரர்தான். எட்டுக் குழிகள்வரை இருவரும் சமம். எட்டிலும் பந்து சறுக்கிச் சறுக்கி விழுந்தது. ஒவ்வொரு ‘கடக்’கும் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது குழிக்காரருக்கு. ஒன்பதாவதில் பம்ப்காரர் ஐந்தாவது அடியில் பந்தைக் குழிக்குள் போட்டார். குழிக்காரரின் பந்து மூன்றாவது அடியில் குழிக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றது. அடுத்த அடியில் உள்ளே போனால் கோப்பை. சமையல்கட்டு ஆட்கள், காவல்காரர், மானேஜர் என்று எல்லோரும் கிரீனைச் சுற்றி நின்றார்கள். மச்சினன் மட்டும் புல் வண்டிக்குப் பின்னால் நின்றான்.

குழிக்காரர் குனிந்தார். அவர் முகத்தைப் பம்ப்காரர் பார்த்தார். என்ன தெரிந்ததோ, “எடுத்துக்குங்கண்ணே” என்றார்.

கோல்ஃபில் இப்படி ஒரு மரியாதை உண்டு. பந்து ரொம்பப் பக்கத்தில் கிடந்தால், எடுத்துக்கோ என்று எதிராளி சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அதை அடிக்கவே வேண்டாம், உள்ளே விழுந்ததாகத்தான் அர்த்தம். ஆட்டம் அத்தோடு முடிந்தது.

போன வருஷமும் இதே கிரீனில், இதே இரண்டடியில், பம்ப்காரர் இதையேதான் சொன்னார். “எடுத்துக்குங்கண்ணே, நீங்க எங்க விடப்போறீங்க” என்று சிரித்தார். கோப்பை அப்போதே கைக்கு வந்தாயிற்று. பந்தைப் பொறுக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் பை. பைக்குள் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் சுற்றி ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் போக அவருக்கு மனசு வரவில்லை. “இருக்கட்டும், போட்டுட்டே எடுக்குறேன்” என்று சொல்லிவிட்டு, குழியை ஒரு சுற்று சுற்றிவந்து, உட்கார்ந்து கோடு பார்த்து, நிதானமாகத் தட்டினார்.

இந்த வருஷமும் அவர் பந்தைப் பொறுக்கவில்லை. தட்டினார். மணிக்கட்டு வெட்டியது. பந்து கீறினாற்போன்ற விளிம்பை உரசிக்கொண்டு வலப்பக்கமாக ஓடி, மூன்றடி தள்ளி நின்றது.

 பம்ப்காரர்தான் அவசரமாகக் கைதட்டினார். “அதான் குடுத்துட்டேனே! கோப்பை அண்ணனுக்குத்தான்!” எல்லோரும் தட்டினார்கள், கொஞ்சம் அதிகமாகவே தட்டினார்கள். மானேஜர் கோப்பையைக் கையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்தவர் கோப்பையை மேஜைமேல் வைத்தார். பையிலிருந்து மூடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவள் கோப்பையைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள், திருட்டுத்தனம் பிடிபட்ட குழந்தைபோலப் பாதி முகத்தால் சிரித்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுடைய இடது கையை எடுத்து விரல்களை மடக்க ஆரம்பித்தார்.

“கோவமா?”

“இல்ல.”

“உள்ள... போச்சா?”

“போகல. அவன் எடுத்துக்கோன்னு குடுத்துட்டான்.” பெருவிரலை மடக்கி நீட்டினார். “போன வருஷமும் குடுத்தான். நான்தான் எடுக்கல.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

“போன் ஆபீஸ்ல இல்ல. எங்கிட்டத்தான் இருந்துச்சு. நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

அவள் மேஜைமேல் இருந்த கோப்பையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

“எத்தனாவது தடவ?”

பொய் சொல்லியிருக்கலாம். கடைசித் தடவை என்று சொல்லியிருந்தால் அவள் அதையும் நம்பியிருப்பாள்.

“மொத தடவையே” என்றார். “ஏழாவது குழியில நின்னுட்டிருந்தேன். ஒரு குழி பின்தங்கியிருந்தேன். சத்தம் தொந்தரவா இருக்கேன்னு பைய... கொஞ்சம் தள்ளி வெச்சேன்.”

நடுவிரலை மடக்கினார், நீட்டினார். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கத் தைரியமில்லை. அவளுடைய வலது கை போர்வையின் மேல் மெதுவாக நகர்ந்து வந்தது. தன் தலையைத் தொடப்போகிறது என்று ஒரு கணம் நினைத்துவிட்டார். அந்தக் கை, அவர் பிடித்திருந்த இடது கையின் மணிக்கட்டைப் பற்றித் தூக்கி, அவருடைய பிடியிலிருந்து எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டது.

இன்னும் இரண்டு விரல்கள் பாக்கியிருந்தன.